அடுப்பங்கரையும் ஓட்டல் இலையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் காப்பியங்களைப் பற்றியும் கவிஞர்களைப் பற்றியும் பேசுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சோறு. அளவான வருவாயைக் கொண்டு வீட்டிலும் சுவையாக உண்டு, ஓட்டலிலும் மகிழ்ந்து உண்பது எவ்வாறு என்பதே நம் வினா. இதனைச் சிறிய பொருள் என்று எண்ண வேண்டா. வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். உண்ணும் அளவினை ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், பொருட்பாலில் வைத்தார். உணவு இல்லத்திற்கும் உரியது, பொருளுக்கும் உரியது என்று நாம் அதிலிருந்து கொள்வோமாக.

பிழைப்பை நாடி மும்பைக்கு வந்த நம் முன்னோரிற் பலர் தனியாகவே வந்தனர். எழுத்தராகவும் தட்டெழுத்தராகவும் பணிபுரிந்த அந்த இளைஞர் பலர் தங்கிய அறைகளில் அடுப்பு மூட்ட இடமில்லை. அவர்கட்கு ஓட்டல் ஆடம்பரமன்று, அதுவே வீடு. மாதுங்கா ரயில் நிலையத்தருகே 1942 இல் ஏ. ராம நாயக் நிறுவிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் போன்ற விடுதிகள், ஊரைப் பிரிந்து வந்தோர்க்குச் சோறும் சாம்பாரும் ரசமும் இட்டு ஆதரித்தன. பின்னர்க் குடும்பங்கள் வந்தன. அடுப்பு வீட்டிற்கு வந்தது. ஓட்டல் என்றேனும் ஒரு நாள் செல்லும் இடமாயிற்று.

இன்றோ கைப்பேசியைத் தொட்டால் உணவு வாயிலுக்கே வந்து நிற்கின்றது. களைத்த மாலைதோறும் தொட்டுவிட்டு, மாத முடிவில் கணக்கைக் கண்டு திகைக்கும் இல்லங்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. மற்றொரு புறம், ஓட்டல் என்றாலே வீண்செலவு என்று ஆண்டு முழுதும் அதன் வாயிற்படியை மிதிக்காத இல்லங்களும் உண்டு. இவ்விரண்டும் நமக்கு உகந்தவை அல்ல என்பது எம் கருத்து.

வீட்டுச் சமையலும் ஓட்டல் சமையலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பெங்களூர் மாவள்ளி டிபன் ரூமில் ரவையைக் கொண்டு இட்லி வார்த்தனர் என்பது அவ்விடுதியார் கூறும் வரலாறு. வீட்டு இட்லியை ஓட்டல் எடுத்துக்கொண்டது. ஓட்டலின் ரவா இட்லியை வீடு எடுத்துக்கொண்டது. பஞ்ச காலத்திலும் நாவின் சுவை குன்றாமல் வாழ வழி உண்டு என்பதற்கு அந்த இட்லியே சான்று.

முதலில் ஓட்டல் கணக்கினைப் பார்ப்போம். ஒரு தோசைக்குள் இருப்பது சிறிது அரிசி, சிறிது உளுந்து, சிறிது எண்ணெய். நாம் கொடுக்கும் விலையிற் பெரும் பகுதி இடத்தின் வாடகைக்கும், எரிபொருளுக்கும், சமைப்போர் பரிமாறுவோர் கூலிக்கும் போகின்றது. ஆகவே பிறருடைய உழைப்பு எங்கு நமக்கு மிகுதியாகக் கிடைக்கின்றதோ, அங்கே பணத்தைச் செலவிடுவதுதான் அறிவுடைமை. வீட்டில் எளிதில் ஆகும் உப்புமாவையும் எலுமிச்சைச் சாதத்தையும் ஓட்டலில் வாங்கி உண்பது நட்டமே. முழுச் சாப்பாடோ அத்தகையதன்று. சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், அப்பளம், மோர், பாயசம் ஆகிய இத்தனையையும் நால்வர்க்கு வீட்டில் ஆக்க ஒரு காலைப்பொழுது முழுதும் வேண்டும். அகன்ற கல்லில் முறுகலாக வார்க்கும் நெய்த் தோசையும் வீட்டு அடுப்பில் எளிதில் வாய்ப்பதில்லை. இவற்றைத்தான் ஓட்டலில் நாடுதல் வேண்டும். குறைவாக உண்போர்க்கு அளவுச் சாப்பாடு கிடைக்கும் விடுதிகளும் உள. குழந்தைக்கும் முழுச் சாப்பாடு வாங்கி இலையில் மிச்சம் வைத்தல் தகாது. குளிர்பானங்களை விடுத்தாலே தொகை கணிசமாகக் குறையும். மாதத்தில் ஒரு நாளை முன்னரே குறித்து, அதற்கென மாதத் தொடக்கத்திலேயே ஒரு சிறு தொகையை உறையில் இட்டு வைத்தால், உண்ணும்போது கணக்கு நெஞ்சை உறுத்தாது.

இனி வீட்டுக் கணக்கு. ஊரிலே மலிவாகக் கிடைத்தது இங்கும் மலிவாக இருத்தல் வேண்டும் என்று எதிர்பார்ப்பதே நாம் செய்யும் முதற் பிழை. முருங்கைக்காயும் வாழைப்பூவும் மாதுங்காச் சந்தையில் கிடைக்கும். நாள்தோறும் வாங்கக் கட்டாது. இம்மண்ணில் மலிவாக விளைவதை நம் பக்குவத்திற்குக் கொண்டுவருதல் வேண்டும். மராட்டியர் அம்பாடி என்று விற்பது நம் புளிச்சக்கீரையே. லால் மாட் என்பது சிவப்புத் தண்டுக்கீரையே. பொரிச்ச குழம்பிற்கு மிக ஏற்றது. வால் என்பது நம் மொச்சையின் இனமே. முதல் நாள் ஊறவைத்தால் புளிக்குழம்பு மணக்கும். பெயர் வேறாயினும் பொருள் நம்முடையதே.

நான்கு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என அரைத்த மாவு, முதல் நாள் இட்லியாகவும், மறுநாள் தோசையாகவும், புளிப்பேறிய மூன்றாம் நாள் வெங்காய ஊத்தப்பமாகவும் மூன்று காலை உணவுகளைத் தந்துவிடும். குக்கரில் அடுக்குப் பாத்திரம் வைத்து, சோறு, பருப்பு, காய் மூன்றையும் ஒரே வேளையில் வேகவைத்தால் எரிவாயு மிஞ்சும். மும்பையில் டப்பாவாலாக்கள் வீட்டுச் சோற்றை அலுவலகத்திற்குச் சுமக்கத் தொடங்கியது 1890 இல் என்பர். வீட்டுச் சோற்றின் அருமையை இந்நகரம் அவ்வளவு காலமாக அறிந்திருக்கின்றது. நண்பகல் உணவை வீட்டிலிருந்து கொண்டு செல்வோர்க்கு, மாதாந்தர ஓட்டல் விருந்திற்கான தொகை அந்த டப்பாவிலேயே சேர்ந்துவிடும்.

இதுவரை சொன்னவை பணக் கணக்கு. இக்கணக்கில் நாங்கள் நெடுநாள் எழுத மறந்திருந்த ஒரு செலவு உண்டு. அதனைச் சொல்லவே இம்மேடைக்கு வந்தோம்.

எங்கள் இல்லத்தில் ஞாயிறுதோறும் தோசை. அன்னையார் அடுப்பருகே நின்று வார்ப்பார்; நாங்கள் ஒவ்வொருவராகச் சூடாக உண்டு எழுவோம். அவர் உண்ண அமரும்போது மாவு அடியில் இருக்கும்; சட்டினி தீர்ந்திருக்கும். கடைசித் தோசையைத் தாமே வார்த்து, தாமே ஆறவிட்டு உண்பார். அதனைக் குறையென்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கண்டதில்லை.

ஒரு முறை அனைவரும் மாதுங்காவில் ஓர் உணவு விடுதிக்குச் சென்றோம். பரிமாறுபவர் சோற்றுப் பாத்திரத்துடன் வந்து, “அம்மா, இன்னும் கொஞ்சம் சாதம்?” என்று அன்னையாரைக் கேட்டார். அன்னையார் பழக்கத்தால் எங்களைக் காட்டி, “முதலில் இவர்களுக்குப் போடுங்கள்” என்றார். அவர் சிரித்து, “எல்லாருக்கும் இருக்கிறது அம்மா, நீங்கள் சாப்பிடுங்கள்” என்று இலையில் இட்டார். சூடான சோற்றில் அன்னையார் ரசத்தைப் பிசைந்து உண்ணலானார். எங்களோடு ஒரே வேளையில், ஆறாத உணவை அவர் உண்டு நாங்கள் அன்றுதான் கண்டோம். அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் என்று எண்ணிப் பார்த்தபோது எங்கட்கு நாணமாயிற்று.

அன்பர்களே! 1965 இல் நாட்டில் உணவு நெருக்கடி மிகுந்தபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அவர்கள் வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு மக்களை வேண்டினார். பல ஓட்டல்களும் திங்கட்கிழமை மாலை அடுப்பை மூடின. அவர் அதனை ஒருவரிடம் மட்டும் கேட்கவில்லை. நாட்டார் எல்லாரிடமும் கேட்டார். சிக்கனம் என்பது எல்லாரும் பகிர்ந்துகொள்வது. குடும்பத்தின் சிக்கனம் முழுவதையும் அடுப்பருகே நிற்கும் ஒருவர் தோளில் ஏற்றிவிட்டு, நாம் சிக்கனமாக வாழ்கின்றோம் என்று பெருமை கொள்வது முறையாகாது.

ஆகவே ஓட்டலுக்குச் செல்லும் நாளை நாக்கின் பொருட்டு மட்டும் குறிக்க வேண்டா. நாள்தோறும் பரிமாறுபவர் ஒரு நாளேனும் பரிமாறப்பட வேண்டும் என்பதன் பொருட்டுக் குறிப்போம். எங்குச் செல்வது என்பதையும் அவரே சொல்லட்டும். ஓட்டலுக்குச் செல்ல இயலாத மாதமும் வரும். அதற்கும் வழியுண்டு. அந்த ஞாயிறு அன்னையாரை முதலில் அமர்த்தி, ஆடவரும் பிள்ளைகளும் முறைவைத்துத் தோசை வார்க்கலாம். எங்கள் இல்லத்தில் அவ்வாறே செய்து வருகின்றோம். வட்டம் சரியாக வருவதில்லை. சில தோசைகள் கல்லை விட்டு எழ மறுக்கின்றன. ஆயினும் இதற்கு ஒரு காசும் செலவில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இக்கூட்டம் முடிந்ததும் பந்தி தொடங்கும். இவ்வாண்டு முதற் பந்தியில், தத்தம் வீட்டில் நாள்தோறும் சமைப்போர் அமரட்டும். மற்றையோர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியும் கரண்டியும் ஏந்துவோம். ரசத்தைச் சிந்தாமல் பரிமாறுவோர்க்குத் தனிப் பாராட்டும் உண்டு!

இலை போட்டாயிற்று என்று செய்தி வந்துவிட்டது.