பெரிய கோயில் கல்வெட்டும் 'மனுசங்கடா'வும்



எனக்கு முன்னால் பேசியவர்களில் பாதிப் பேர் 'பொன்னியின் செல்வன்' பற்றிப் பேசினீர்கள். குந்தவையா நந்தினியா என்று ஒரு சுற்று விவாதமே நடந்தது. மீதிப் பேர், யாரும் கண்டுகொள்ளாமல் விட்ட படங்களைப் பற்றிப் பேசினீர்கள். எனக்கு இரண்டும் ஒரே பேச்சாகத்தான் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

கல்கி அந்தத் தொடரை 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை எழுதினார். தீண்டாமையை ஒழித்த அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே 1950இல்தான். நாவல் சுவையானது, அதில் சந்தேகமில்லை. வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னால் நாமும் வீராணம் ஏரியிலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் ஓடிவிடுகிறோம்.

ஆனால் சேந்தன் அமுதனைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கிற எளிய பையன். வாய்பேச முடியாத தாயிடம் வளர்ந்தவன். அடக்கமானவன், பதவி ஆசை கிடையாது. கடைசியில் பார்த்தால் அவன்தான் செம்பியன் மாதேவி பெற்ற பிள்ளை! அரண்மனையில் வளர்ந்து அரியணைக்குத் துடித்த மதுராந்தகன் அவர் பெற்ற பிள்ளையே அல்ல. பூக்காரப் பையன் பூக்காரனாகவே நல்லவனாக இருந்துவிட்டால் கதைக்கு என்ன குறைந்துவிடும்? குடிசையில் வளர்ந்தாலும் குலம் குணத்தைக் காட்டிவிடும் என்ற நம்பிக்கை, திருப்பம் என்ற பெயரில் நமக்குள் இறங்குகிறது. 2022, 2023இல் வந்த படங்களில் மணிரத்னம் இந்த ஆள்மாறாட்டத்தை விட்டுவிட்டார். அந்த மட்டில் நல்லது.

இனி கல்லுக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த ஊர்களின் விவரம் அந்தக் கோயில் சுவரிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் மொத்த நிலம் இவ்வளவு, அதில் வரி இல்லாத நிலம் இவ்வளவு என்று கணக்கு. அந்த வரியில்லா நிலத்தின் பட்டியலில் ஊர்நத்தம் வருகிறது, கோயில், குளம், வாய்க்கால் வருகின்றன. கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி வருகின்றன. தீண்டாச்சேரி என்றே ஒரு சொல் வருகிறது. சுடுகாடு வருகிறது, அது போதாதென்று பறைச்சுடுகாடு தனியாக வருகிறது. பறைச்சேரி என்பது தொழில்வழிக் குடியிருப்புதான் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். 'தீண்டா' என்ற சொல்லுக்கு என்ன தொழில் சொல்வார்கள்?

2019 ஜூனில் திருப்பனந்தாளில் இயக்குநர் பா. இரஞ்சித், ராஜராஜன் காலத்தில் தலித் மக்களின் நிலம் பறிக்கப்பட்டது என்று பேசினார். உடனே வழக்கு. முன்பிணைக்கு உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. நிலப் பறிப்பு முழுவதையும் ஒரே அரசன் தலையில் ஏற்றலாமா என்று ஆய்வாளர்கள் வாதிடட்டும், அது நல்லதுதான். சேரி இருந்ததா என்பதில் மட்டும் வாதத்துக்கு இடமில்லை. அரசாங்கமே அளந்து, கல்லில் வெட்டி வைத்திருக்கிறது.

அந்தப் பறைச்சுடுகாடு இருக்கிறதே, அதற்குப் போகும் வழியை எந்தச் சரித்திரப் படத்தில் பார்த்தீர்கள்? நான் பார்த்தது அம்ஷன் குமாரின் 'மனுசங்கடா'வில். கி. ராஜநாராயணனின் 'கிடை'யை 'ஒருத்தி' என்று எடுத்தவர் அவர். 'மனுசங்கடா' 2018இல் திரைக்கு வந்தது. எத்தனை பேர் பார்த்தீர்கள்? மூன்று கைதான் தெரிகிறது.

கதை சிறியது. சென்னையில் வேலை பார்க்கும் ஒரு தலித் இளைஞனுக்கு அப்பா செத்த செய்தி வருகிறது. ஊருக்குப் போகிறான். பொதுப்பாதையில் பிணம் போகக்கூடாது என்கிறது ஆதிக்கச் சாதி. அவன் உயர் நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கி வருகிறான். அந்த உத்தரவை வைத்துக்கொண்டே நிர்வாகம் அவனைத் தோற்கடிக்கிறது. அதிகாரிகள் யாரும் கத்துவதில்லை, நயமாகத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதுதான் அதிகம் பயமூட்டியது.

மிகைப்படுத்திய கதை என்று ஒரு நண்பர் சொன்னார். 2016 ஜனவரியில் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் திருநாள்கொண்டச்சேரியில் நடந்ததை அவருக்கு நினைவுபடுத்தினேன். அங்கேயும் பொதுப்பாதையில் கொண்டுபோகலாம் என்று உயர் நீதிமன்ற உத்தரவு இருந்தது. அங்கேயும் காவல்துறை உடலைப் பிடுங்கிக்கொண்டுபோய் வேறு வழியில் அடக்கம் செய்தது. அந்த ஊர் இருப்பது எங்கே? சோழ நாட்டில், காவிரிப் பாசனத்தில். ஊரின் பெயரிலேயே சேரி இருக்கிறது.

அதனால்தான் 'மனுசங்கடா'வை நான் சரித்திரப் படம் என்கிறேன். அரண்மனை செட் கிடையாது, யானை கிடையாது. கல்வெட்டு ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போன இடத்துக்குள் கேமராவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். லீனா மணிமேகலையின் 'மாடத்தி'யையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பார்த்தாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண் எப்படி ஊருக்குச் சாமி ஆனாள் என்பது அதன் கதை. நாட்டார் தெய்வங்களின் கதைகளில் பாதி இப்படிக் கொலையில் தொடங்குபவைதான். அதைத் தனியாகப் பேச வேண்டும்.

தோழர்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த மாதக் கூட்டத்தில் 'மனுசங்கடா'வைத் திரையிடுவோம். கல்வெட்டின் அந்தப் பகுதியை நகலெடுத்து ஆளுக்கு ஒன்று கொடுப்போம். முதலில் அதை உரக்க வாசித்துவிட்டுப் படத்தைப் போடலாம். குந்தவை ரசிகர்கள் கட்டாயம் வர வேண்டும், சண்டை போட ஆள் வேண்டுமில்லையா?