எதிரே நிற்பவருக்கு ஒரு சலாம்



தற்காப்புக் கலை என்றதும் குத்தும் உதையுமே நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. திரைப்படங்கள் செய்துவைத்த வேலை இது. சிறுவயது முதல் மூன்று கலைகளை அடுத்தடுத்துப் பயின்றவன் நான். அவற்றின் முதற்பாடம் எதுவென்று இன்று சொல்ல விரும்புகின்றேன்.

கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊர்களிலே சீனடி, சிலம்படி என்னும் கலைகள் வழங்கிவருகின்றன. கற்பிப்பவரை அண்ணாவியார் என்பர். தமிழ் ஊர்களில் கூத்துப் பழக்குபவருக்கும் இதே பெயர்தான். 1988இல், என் ஒன்பதாம் வயதில், அயலூர் அண்ணாவியார் ஒருவரிடம் தந்தையார் என்னை ஒப்படைத்தார். முதல் மாதம் முழுவதும் கம்பு வீச விடவில்லை. சலாம் வரிசை மட்டுமே. நிலத்தைத் தொட்டு, சபையை வணங்கி, எதிரே நிற்பவனுக்கும் சலாம் செய்து, கால்சுவடு பிசகாமல் பின்வாங்க வேண்டும். “அடிக்கிறதுக்கு முந்தி ஆரோட நிக்கிற எண்டு தெரியணும், மகன்” என்பார்.

1990இல் கிழக்கில் நடந்தவற்றை நேயர்கள் அறிவீர்கள். எங்கள் இரண்டு ஊர்களுக்கும் இடையே போக்குவரத்து நின்றது. என் சிலம்படியும் அத்தோடு நின்றது.

பதின்மூன்றாம் வயதில் கராத்தே பழகத் தொடங்கினேன். நான் பழகியது ஷொட்டோகான் பிரிவு. அதன் மூலவரான கிச்சின் புனாகோஷி (1868 - 1957) ஒக்கினாவாத் தீவிலே பாடசாலை ஆசிரியராக இருந்தவர். ‘ஷொட்டோ’ அவர் கவிதை எழுதுவதற்குப் பூண்ட புனைபெயர். பைன் மரங்களிடையே காற்று எழுப்பும் அலையோசை என்பது பொருள். மாணவர்கள் பயிற்சிக் கூடத்துக்கு அப்பெயரையே சூட்டினர். முரட்டுக் கலை என்று நாம் எண்ணுவது ஒரு கவிஞரின் பெயரைத் தாங்கி நிற்கிறது! ‘சீனக் கை’ என்று பொருள்பட எழுதப்பட்டுவந்த கராத்தேயை ‘வெறுங்கை’ என்று பொருள்பட எழுதும் வழக்கம் நிலைபெற உழைத்தவரும் அவரே. அங்கே தொடக்க மாணவர் பயிலும் ஹெயான் காத்தாக்கள் ஐந்தும் தடுப்பு அசைவுடனேயே ஆரம்பமாகின்றன. முதலடி நம்முடையதல்ல.

பேராதனையில் படித்த காலத்தில் ஜூடோ. 1882இல் அதனைத் தொடக்கிய ஜிகோரோ கானோவும் ஒரு கல்வியாளரே. அங்கு முதலிற் கற்பது விழுதல். நாடியை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வளைத்து, கையால் தரையை அறைந்து விழ வேண்டும். எறிபவனுக்கும் ஒரு கடமை உண்டு. விழுபவனின் சட்டைக் கையை விட்டுவிடாமல் பிடித்து, அவன் தலை தரையில் மோதாது காக்க வேண்டும்.

பட்டம் பெற்று ஊர் திரும்பியபின், 2004இல் அண்ணாவியாரைத் தேடிப் போனேன். தளர்ந்திருந்தார். நலம் விசாரித்தபின் கம்பை எடுத்துத் தந்து, “சலாம் வரிசையைக் காட்டு” என்றார். காட்டினேன். சுவரைப் பிடித்து எழுந்து நின்று பதில் சலாம் செய்தார். நடந்தவை பற்றி இருவரும் எதுவும் பேசவில்லை.

நம் புறநானூற்றிலும் ஒரு மற்போர் உண்டு. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதை 80ஆம் பாட்டிலே சாத்தந்தையார் பாடுகின்றார். கிள்ளி, தந்தை தித்தனோடு பகைத்துப் பிரிந்து வாழ்ந்தவன். தித்தன் மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் இந்தக் காட்சியைக் காணட்டும் என்று புலவர் அவாவுகின்றார். வகுப்பிலே இதனை வீரத்துக்கு எடுத்துக்காட்டாகவே படிப்பிக்கிறோம். எனக்கோ, மல்லன் வீழ்ந்ததைக் காட்டிலும் பிரிந்தவர் காண வேண்டும் என்ற அந்த அவாவே பெரிதாகப் படுகிறது.

இன்று பல பாடசாலைகளில் கராத்தே வகுப்புகள் நடைபெறுகின்றன. பிள்ளை எந்த நிறப் பட்டி பெற்றான் என்று பெற்றோர் ஆவலோடு விசாரிக்கின்றனர். விசாரிக்கட்டும். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: “உனக்கு எதிரே நின்ற பிள்ளையின் பெயர் என்ன?”