பழைய தளமும் புதிய பூச்சும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடத்தப்பெற்ற பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஊராட்சியின் பொறுப்பில் உள்ள கட்டடங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, சத்துணவுக் கூடம், நியாயவிலைக் கடை, நூலகம் எனப் பலவும் மட்டமான தளம் போட்டவை. இவையன்றி, அரசுத் திட்டங்களின் வாயிலாகக் கட்டப்பெற்ற வீடுகளும் உள்ளன. 2011-12ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடிப் பரப்பில் வீடுகள் கட்டித் தரப்பெற்றன. அவற்றுள் முதலில் எழுந்தவைகூடப் பத்து மழைக்காலங்களுக்கு மேல் கண்டுவிட்டன. அவற்றினும் மூத்த தொகுப்பு வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

தளம் ஒழுகத் தொடங்கியதும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "எந்தப் பூச்சு நல்லது?" கேள்வி தவறன்று, ஆயினும் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதற் கேள்வி, "பூச்சைத் தாங்கும் பரப்பு எப்படி இருக்கிறது?" என்பதே. உழாத நிலத்தில் உயர்ந்த விதையைத் தூவும் உழவர் எவரும் இலர். ஆனால், பாசியும் புழுதியும் படிந்து, பொருக்கு எழுந்து, ஈரம் உறைந்த தளத்தின்மேல் விலையுயர்ந்த பூச்சைத் தடவும் வழக்கம் மட்டும் நாடெங்கும் இருந்து வருகிறது. அப்பூச்சு தளத்தைப் பற்றுவதில்லை, புழுதியைத்தான் பற்றுகிறது. புழுதி கழன்றால் பூச்சும் கழன்றுவிடும்.

நோய் எங்கே என்று முதலில் அறிய வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே தளத்தின் அடிப்பரப்பைப் பார்த்து, ஈரம் தெரியும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வையுங்கள். இரண்டு சுவர்களிலிருந்து அவ்விடத்தின் தொலைவை அளந்து எழுதிக்கொண்டால், மேலே ஏறி அதே இடத்தைக் காணலாம். ஆனால், சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். தண்ணீர் ஓரிடத்தில் புகுந்து, தளத்தின் வாட்டத்தோடு ஓடி, வேறோரிடத்தில் சொட்டும். கைப்பிடிச் சுவரின் அடி, மழைநீர்க் குழாயின் வாய், தண்ணீர்த் தொட்டியின் பீடம் ஆகியவற்றையும் ஆராய வேண்டும். நல்ல கோடையிலும் ஈரம் காயவில்லை என்றால், குற்றம் தளத்தில் அன்று. தொட்டிக்குச் செல்லும் குழாயில் இருக்கலாம்.

அடுத்து, தளம் எவ்வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் மூதாதையரின் மெத்தை வீடுகளில், மரத் துலாங்களின்மேல் மெல்லிய அச்சுக்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காய் நீர் தெளித்து, மரக்கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு பதித்தார்கள். சென்னைத் தளம் என்று பெயர் பெற்ற முறை இதுவே. பிற்காலத்துக் கட்டடங்களில் இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் தளத்தின்மேல் அதே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புப் படுகையும் தட்டோடும் இடப்பெற்றன. சில வீடுகளில் படுகையே இல்லை; கான்கிரீட் வெறுமையாக வெயிலையும் மழையையும் ஏற்று நிற்கிறது.

படுகை உள்ள தளமானால், அதை வைத்துக்கொள்வதா அகற்றுவதா என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும். ஒரு சிறு சுத்தியலையோ இரும்புக் கம்பியையோ எடுத்துக்கொண்டு, அடிக்கு ஓரிடமாகத் தட்டிச் செல்லுங்கள். கெட்டியான ஓசை எழுந்தால் படுகை தளத்தோடு ஒட்டி நிற்கிறது. வெற்றுக் குடத்தைத் தட்டினாற்போல ஒலித்தால் கழன்றுவிட்டது. கழன்ற இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். குறிகள் சிலவாயின் அவ்விடங்களை மட்டும் சதுரமாக வெட்டியெடுத்துப் புதுப்பிக்கலாம். பெரும்பகுதி கழன்றிருந்தாலும், உள்ளே நீர் ஊறி நின்றாலும், முழுவதையும் கான்கிரீட் வரை அகற்றுவதே முறை.

இங்கு ஓர் எச்சரிக்கை கூற விரும்புகிறேன். பழைய படுகையை எடுப்பதற்குச் சோம்பி, அதன்மேலேயே இன்னொரு படுகை போடும் வழக்கம் உண்டு. 100 சதுர அடியில் மூன்று அங்குலக் கனத்துக்குச் செங்கல் ஜல்லிப் படுகை இட்டால், அதன் எடை ஒரு டன்னுக்கு மேல் ஆகும். 300 சதுர அடி வீட்டின் தலையில் மூன்று டன்னுக்கு மேல் புதுச் சுமை ஏறும். ஆட்கள் நடமாடும் தளத்துக்கு நம் நாட்டுக் கட்டட நெறிகள் வைத்துள்ள நடமாட்டச் சுமை, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ மட்டுமே. இரண்டாம் படுகை அதில் பெரும்பங்கைத் தானே விழுங்கிவிடும். கம்பி துருப்பிடித்த பழைய தளத்தின்மேல் இச்சுமையை ஏற்றுவது, ஒழுகலை நிறுத்தப்போய் உயிருக்கே கேடு தேடுவதாகும்.

அகற்றும்போதும் நிதானம் வேண்டும். பெரிய சம்மட்டியும் உடைக்கும் எந்திரமும் வேண்டா. உளியும் சிறு சுத்தியும் போதும். ஓர் ஓரத்திலிருந்து தொடங்கி வரிசையாக எடுக்க வேண்டும். இடிபாட்டை நடுத்தளத்தில் குவிக்காமல் உடனுக்குடன் கீழே இறக்க வேண்டும். வேலை நடக்கும்போது கீழறையில் ஒருவரும் இருத்தலாகாது. தளத்தருகே செல்லும் மின்கம்பியையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

படுகை நன்றாகவே இருக்குமாயின், தட்டோடுகளின் இடைச் சந்துகளில் உதிர்ந்த சாந்தைச் சுரண்டியெடுத்து, உடைந்த ஓடுகளை மாற்றி, சந்துகளை மீண்டும் நிரப்பினால் போதும். பழைய சுண்ணாம்புத் தளத்தைச் சுண்ணாம்புச் சாந்து கொண்டே செப்பனிடுவது நல்லது. சுண்ணாம்பு வெயிலுக்குச் சற்றே இளகிக் கொடுக்கும். சிமென்டு கல்லாய் இறுகி, சுருங்கி வெடிக்கும். இரண்டின் இயல்பும் ஒத்துப்போவதில்லை.

இனிக் கான்கிரீட் பரப்புக்கு வருவோம். தளத்தின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால், அது மேற்பூச்சினால் தீரும் நோய் அன்று. துருவாக மாறிய இரும்பு, முன் இருந்ததைப் போல் இருமடங்குக்கும் மேல் இடம் கொள்ளும். அவ்வீக்கமே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. முட்டுக் கொடுத்த பின், தளர்ந்த கான்கிரீட்டைக் கெட்டியான பகுதி தெரியும் வரை கொத்தியெடுத்து, கம்பியைச் சுற்றிலும் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்க வேண்டும். கம்பி மெலிந்து போயிருந்தால் ஒன்றியப் பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை மேற்கொண்டு எதுவும் செய்யலாகாது. அத்தகைய கூரையின் கீழ்க் குழந்தைகளை உட்கார வைப்பதும் கூடாது.

விரிசல்கள் இருவகைப்படும். ஒருமுறை விரிந்து அப்படியே நின்றுவிட்டவை ஒருவகை. வெயிலுக்கும் குளிருக்கும் விரிந்து சுருங்கிக்கொண்டே இருப்பவை மற்றொருவகை. விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இருபுறமும் சாந்து வைத்துப் பதித்து, தேதி எழுதி வையுங்கள். சில வாரங்களில் கண்ணாடி உடைந்தால், விரிசல் இன்னும் அசைகிறது என்று பொருள். நின்றுவிட்ட விரிசலை உளியால் அரை அங்குல அளவுக்கு அகற்றி, தூசு போக்கி, சாந்தினால் நிரப்பலாம். அசையும் விரிசலுக்குச் சிமென்டுச் சாந்து நிற்காது. நீண்டு கொடுக்கும் நிரப்புப் பொருளே வேண்டும்.

சுவர் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் மேலே ஒடித்துவிட்டு வருவதால் பயனில்லை. வேரோடு எடுக்க வேண்டும். வேர் நெகிழச் செய்த செங்கல்லையும் எடுத்துப் பதித்துக் கட்ட வேண்டும். இல்லையேல், அடுத்த மழையில் அது புதுப் பூச்சைக் கிழித்துக்கொண்டு எழும்.

முன்பு தடவிய தார் இருக்குமாயின் அதனை முற்றும் சுரண்டிவிட வேண்டும்; தாரின்மேல் வேறு வகைப் பூச்சுகள் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. பாசியைக் கம்பித் தூரிகையாலும் தண்ணீராலும் தேய்த்துப் போக்குங்கள். எளிதாய் முடியும் என்று அமிலம் ஊற்றுவோர் உண்டு. அது விரிசல் வழியே இறங்கிக் கம்பியை அரிக்கும், வேண்டா.

பின்னர் வாட்டத்தைப் பாருங்கள். 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாத சரிவு மழைநீர்க் குழாயை நோக்கி இருத்தல் வேண்டும். சில குடம் தண்ணீரை ஊற்றினால், குட்டை கட்டும் பள்ளங்கள் தாமே தெரிந்துவிடும். அவற்றைப் பூச்சு போடுமுன் சாந்தினால் நிரவி, ஏழு நாளேனும் நனைத்து வையுங்கள். தண்ணீரைத் தேங்க விடாமல் ஓடச் செய்வதே முதல் காப்பு. பூச்சு இரண்டாவது காப்பு.

கைப்பிடிச் சுவரும் தளமும் கூடும் மூலை மிகவும் நலிந்த இடம். அங்குள்ள பழைய காரையைக் கொத்திவிட்டு, மூலையில் சாய்வாகச் சாந்து வைத்து மழுக்க வேண்டும். பூச்சு அச்சாய்வின் வழியே சுவரில் அரையடி உயரம் ஏற வேண்டும். ஆகவே, அவ்வளவு உயரத்துக்குச் சுவரையும் தளத்தைப் போலவே சுத்தம் செய்ய வேண்டும்.

கடைசியாக ஈரம். பலர் பொறுமை இழப்பது இவ்விடத்தில்தான். உள்ளே ஈரம் இருக்க மேலே மூடிவிட்டால், சித்திரை வெயிலில் அவ்வீரம் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரங்களையும் நாடாவால் ஒட்டி, 16 மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். தாளின் அடியில் முத்து முத்தாக நீர் இருந்தாலும், தளம் கறுத்திருந்தாலும், இன்னும் காயவில்லை. ஆனால், சிமென்டு சேர்ந்த பூச்சு வகைகளுக்கு இவ்விதி பொருந்தாது. அவற்றுக்குத் தளத்தை நனைத்து, தேங்கிய நீரை மட்டும் துடைத்துவிட்டுப் பூச வேண்டும். எப்பூச்சுக்கு எந்நிலை என்பதை டப்பாவின்மேல் எழுதியிருப்பதைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் பொதுவான சோதனை ஒன்று உண்டு. உள்ளங்கையால் தளத்தைத் துடைத்துப் பாருங்கள். கையில் மாவு போல் ஒட்டினால் மீண்டும் கழுவ வேண்டும்.

நண்பர்களே! இதுவரை கூறியது கொத்தனார் செய்ய வேண்டிய வேலை. இனி உறுப்பினர்களாகிய உங்கள் வேலையைக் கூறுகிறேன்.

பூச்சின் பரப்பை அளந்தே ஒப்பந்தக்காரருக்குப் பணம் தருவது வழக்கம். ஆயத்த வேலையோ பூச்சுக்கு அடியில் மறைந்துவிடுகிறது. மறைந்ததை எவராலும் அளக்க இயலாது. ஆகவே, பணம் சுருங்கும்போது முதலில் சுருங்குவது அவ்வேலையே. மதிப்பீட்டில் எழுதப்படாத வேலையை ஒப்பந்தக்காரர் தம் கைப்பொருளைக் கொண்டு செய்வார் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. எனவே, பழைய படுகையை அகற்றுதல், விரிசல் அடைத்தல், வாட்டம் திருத்தல், மூலை செப்பனிடுதல் ஆகிய ஒவ்வொன்றும் மதிப்பீட்டில் தனித்தனி இனமாக இடம் பெறுமாறு கேளுங்கள். அவை மூடப்படுமுன் அளவுப் புத்தகத்தில் பதியப்பட்டனவா என்று பாருங்கள். ஒவ்வொரு நிலையையும் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது இன்று எவருக்கும் எளிது.

தளத்தின்மேல் மூன்று முறை ஏறுங்கள். வேலை தொடங்குமுன் ஒருமுறை. ஆயத்தம் முடிந்து பூச்சு டப்பா திறக்கப்படுமுன் ஒருமுறை. பூச்சு காய்ந்தபின் நீர் தேக்கிச் சோதிக்கும்போது ஒருமுறை. மூன்றனுள் இரண்டாவதே முதன்மையானது. நீர் தேக்குவதையும் பொறியாளரின் இசைவோடு செய்யுங்கள். 300 சதுர அடியில் ஓர் அங்குலம் நீர் நின்றால் அதன் எடை ஏறத்தாழ 700 கிலோ. நலிந்த தளத்தில் தேக்காமல், குழாயால் நீரைப் பாய்ச்சிப் பார்ப்பதே தகும்.

காலத்தையும் கருத வேண்டும். மழைக்காலத்தில் எடுத்த ஈரக் குறிப்புகளை மார்ச்சு 22ஆம் நாள் கிராம சபையில் வைத்து, எந்தக் கட்டடம் முதலில் என்று தீர்மானியுங்கள். கோடை விடுமுறையில் பள்ளித் தளங்களை முடித்துவிடலாம். ஐப்பசியில் மேகம் திரண்டபின் ஓடித் தேடுவோருக்கு உலர்ந்த தளமும் கிடையாது. ஓய்வான கொத்தனாரும் கிடையார்.

உழவர் பெருமக்களுக்கு ஒரு சொல். நெல்லும் மிளகாயும் புளியும் உலர்த்தும் களமாக உங்கள் வீட்டுத் தளம் பயன்படுகிறது. பூசிய தளத்தில் இரும்புப் பலகையால் இழுக்காதீர்கள். படுதா விரித்து உலர்த்துங்கள். வைக்கோற் போரைத் தளத்தில் ஏற்றாதீர்கள். ஆடி பிறந்ததும் மழைநீர்க் குழாயின் வாயிலுள்ள சருகை அள்ளிவிடுங்கள். செலவில்லாத இச்சிறு வேலை பூச்சின் ஆயுளைக் கூட்டும்.

பூச்சின் நிறத்தைத் தெருவிலிருந்தே எல்லோரும் பார்க்கலாம். அதன் அடியில் உள்ளதைப் பார்க்கும் வாய்ப்பு ஒரு நாள்தான் வாய்க்கும். அந்நாளில் ஏணி வைத்து ஏறிப் பார்க்கும் உறுப்பினர் இருக்கும் ஊரில், அடுத்த கார்த்திகையில் குழந்தைகள் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை நகர வேண்டியிராது. அவ்வுறுப்பினராக ஒவ்வொருவரும் விளங்க வேண்டும் என்று கேட்டு அமைகிறேன்.