மயக்கத்தில் மூச்சு

பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டிற்கும் இடையே, கேரள எல்லைக்குள் அமைந்த மீனாட்சிபுரத்தில் நம்மவர் பலர் வாழ்கின்றனர். வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை என்றால் பாலக்காட்டிற்கோ கோயமுத்தூருக்கோ புறப்பட வேண்டியதாகிறது. எங்கே சென்றாலும் உறவினர் கேட்பது, "மயக்கம் தெளிந்து எழுவாரா?" என்பதே. மயங்கியிருக்கையில் அவர் எவ்வாறு மூச்சு விடுவார் என்று கேட்பவர் அரியர்.

முழு மயக்கத்தோடு தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேர்ந்தால், மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். மூச்சுக்குழலில் ஒரு குழாயைச் செலுத்தி, இயந்திரத்தால் காற்றை ஊட்டுவர். நாம் காற்றை உள்ளே இழுக்கிறோம். இயந்திரமோ கொல்லன் துருத்தியைப் போல் தள்ளுகிறது. அக்காற்று மிகுந்தால் நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் அளவுக்கு மீறி விரிந்து புண்படும். குறைந்தால், மல்லாந்து கிடப்பவரின் முதுகுப்புறத்து அறைகள் சுருங்கி மூடிக்கொள்ளும்.

1963இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் இந்தச் சுருக்கத்தையே அஞ்சினர். அதன்பின் பெரிய மூச்சாகக் கொடுப்பதே நெடுங்காலம் வழக்கமாயிற்று. நல்லெண்ணத்தால் விளைந்த வழக்கந்தான். 2013இல் பிரான்ஸ் தேசத்தில் வயிற்று அறுவை சிகிச்சைக்கு வந்த 400 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. ஒரு சாராருக்குக் கிலோவுக்கு 10 முதல் 12 மில்லி லிட்டர். மற்றவருக்கு 6 முதல் 8. அத்துடன் அறைகள் மூடாதிருக்கச் சிறிது அழுத்தமும், அவ்வப்போது அவற்றை விரித்துவிடும் நெடுமூச்சும் உண்டு. முதல் வாரத்திற்குள் பெருந்தொல்லை கண்டவர் முன்னவரில் நூற்றுக்கு 27.5, பின்னவரில் 10.5. மூன்றில் எது எவ்வளவு உதவியது என்று இதிலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது.

இங்கே 'கிலோ' என்பது தராசு காட்டும் எடையன்று. உயரத்தைக் கொண்டு கணக்கிடும் எடை. உடல் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு மாது 80 கிலோ நிறை உடையவர் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி அவருக்குரிய எடை 43 கிலோவே. அவருக்கு ஒரு மூச்சு ஏறக்குறைய 260 முதல் 345 மில்லி லிட்டர் போதும். தராசை நம்பிக் கிலோவுக்குப் பத்து என்று கொடுத்தால் 800 ஆகிவிடும்!

ஆகவே, அனுமதிச் சீட்டில் எடையோடு உயரமும் குறிக்கப்பட்டுள்ளதா என்று கேளுங்கள். மலையாளத்திலும் அதற்கு 'உயரம்' என்றே பெயர், மொழி தடையாகாது. பீடிப் பழக்கம், ஆஸ்துமா, குறட்டை ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். கூன் விழுந்து நிமிர இயலாத முதியோருக்கு, இரு கைகளையும் விரிக்கச் செய்து, விரல் நுனி முதல் விரல் நுனி வரை அளந்தும் உயரத்தை மதிப்பிடலாம்.