சுருட்டை முடியும் ரெண்டு பார்லரும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

சேமிப்பு, கடன், கறவை மாடு பற்றி எனக்கு முன்னால் வந்தவர்கள் நன்றாகப் பேசிவிட்டார்கள். நான் தலைமுடியைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. இந்த வருஷம் ரெண்டு குழுக்கள் பியூட்டி பார்லர் வைக்கக் கடன் கேட்டிருக்கிறார்கள். அதனால் இது நம்ம கணக்குப் புத்தகத்தில் வரப்போகும் விஷயம்தான்.

எனக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. பள்ளிக்கூடத்தில் 'பரட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். கொழுந்தனார் கல்யாணத்தின்போது தி.நகரில் ஒரு பார்லரில் 4,500 ரூபாய் கொடுத்து நேராக்கிக் கொண்டேன். கல்யாண ஆல்பத்தில் அழகாகத்தான் இருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முடி மாதம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே வளருது. ஆறேழு மாதத்தில் வேர்ப்பக்கம் நாலு விரல் அகலத்துக்குச் சுருட்டை எட்டிப் பார்க்கும். மறுபடி மருந்து, மறுபடி பணம்.

ஏழாவது படிக்கிற என் மகளுக்கும் என் முடிதான். போன வருஷம் ஒரு நாள், "நான் வயசுக்கு வந்ததும் எனக்கும் அந்த மருந்து போட்டு விடுவியாம்மா?" என்று கேட்டாள். சடங்குக்குச் சீர் கேட்பது போலக் கேட்டாள். கூடவே, "நம்ம முடி மட்டும் ஏம்மா அசிங்கமா இருக்கு?" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அதோடு மருந்தை நிறுத்திவிட்டேன்.

நிறுத்துவது சுலபம். அதற்குப் பிறகுதான் பாடு. மேலே பாதி சுருட்டை, கீழே பாதி வைக்கோல் மாதிரி நேர்முடி. சீப்பு வைத்தால் கையோடு வந்தது. சரி, கொஞ்சம் வெட்டிவிட்டால் சரியாகும் என்று செங்கல்பட்டில் ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கி, தி.நகரில் வேறொரு பார்லருக்குப் போனேன். அங்கே இருந்த பெண் என் தலையைப் பார்த்ததுமே, "ரூட் டச்சப் பண்ணிடலாம்கா, இல்லன்னா இது செட் ஆகாது" என்றாள். வெட்டினால் போதும்மா என்றேன். இன்னொருத்தி வந்து அதையே சொன்னாள். அப்புறம் மேனேஜர் வந்து, இன்றைக்கு ஆஃபர் இருக்கு என்றார். மூணு பேரும் என் முடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். ரங்கநாதன் தெருவில் பெரிய பல் சீப்பு ஒன்று வாங்கினேன், அன்றைக்கு உருப்படியாக நடந்தது அதுதான்.

மந்தைவெளியில் இருக்கும் என் நாத்தனார்தான், "அண்ணி, மாடவீதிக்குப் பின்னாடி ஒரு அக்கா இருக்காங்க, வாங்க" என்று மயிலாப்பூருக்குக் கூட்டிப் போனாள். மாடியில் சின்ன ரூம், ஒரே ஒரு நாற்காலி. அந்த அக்காவுக்கும் சுருட்டை முடி, பாதி நரைத்தது. விளம்பரம் எதுவும் பேசவில்லை. என் முடியில் ஒரு இழையை எடுத்து விரலால் தடவி, ஒரு இடத்தில் நிறுத்தி, "இதோ பாரும்மா, இங்கதான் உடையுது" என்றார்.

அவர் விளக்கியதை நம்ம பாஷையில் சொல்கிறேன். முடிக்குள்ளே கந்தகக் கட்டு என்று இருக்கிறதாம். அதுதான் சுருளைப் பிடித்து வைக்கிறது. முதல் மருந்து அந்தக் கட்டை அவிழ்க்கும், சூட்டுப் பெட்டி நேராக இழுக்கும், ரெண்டாவது மருந்து அப்படியே கட்டிப் போடும். ஓலையை நனைத்து வளைத்துக் காயவைக்கிறோமே, அந்த மாதிரி. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் கிடையாது, அதனால் நேராக்கின முடி எந்த எண்ணெய்க்கும் திரும்பச் சுருளாது. புதுசாக வளர்வதுதான் சுருட்டை. பழைய மண்சுவரும் புதுச் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில் விரிசல் விடும் இல்லையா, ரெண்டு முடியும் சேருகிற இடமும் அப்படித்தான்.

மொத்தமாக வெட்டிவிடட்டுமா, கொஞ்சம் கொஞ்சமாகவா என்று என்னையே கேட்டார். பார்லரில் ஒருத்தர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எங்க மாமியாரை நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக என்றேன். தண்ணீர் தெளிக்காமல், காய்ந்த முடியாகவே சுருள் பார்த்து வெட்டினார். வீட்டுக்கு வந்ததும் மாமியார், "சுமங்கலிப் பொண்ணு முடியை வெட்டுறதா?" என்றார். "திருப்பதியில மூணு கத்திரி கொடுத்தோமே அத்தை" என்றேன். "அது பெருமாளுக்கு" என்றுவிட்டார். அதற்கு மேல் நான் என்ன பேச? ஆனாலும் மூணு மாதத்துக்கு ஒரு தடவை போய்க்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது தோள்வரை என் சொந்த முடி.

அந்த அக்கா சொன்ன பக்குவம் இவ்வளவுதான். காய்ந்த தலையைச் சீவக் கூடாது. ஈரத்தில், கண்டிஷனர் இருக்கும்போதே, பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே போகணும். கச்சேரி ரோட்டில் டப்பா செட்டிக் கடையில் சீயக்காய் வாங்கலாமா என்று கேட்டேன். வாங்கு, ஆனால் எண்ணெய் வைத்த தலைக்கு நீர்க்கக் கரைத்துப் போடு, இல்லையென்றால் வறண்டு போகும் என்றார். துண்டால் தேய்க்காதே, பழைய வேட்டித் துணியால் ஒத்தி எடு என்றார். எங்க பாட்டி அதைத்தான் செய்தாள், ஒரு ரூபாய்கூட வாங்காமல்!

இனி பார்லர் வைக்கப்போகும் குழுக்களுக்கு. முடி நேராக்குவதில்தான் பெரிய வருமானம் என்று சொல்கிறார்கள், மறுக்கவில்லை. சில மருந்துகளைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு என்ற ஆவி வரும். கண் எரியும், தொண்டை கரகரக்கும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவே சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருஷம் கவனித்து 2022-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வருஷத்துக்கு நாலு தடவைக்கு மேல் முடி நேராக்கும் மருந்து போட்டவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் ரெண்டு மடங்குக்கு மேல் வந்திருக்கிறது. மருந்துதான் காரணம் என்று அவர்கள் முடிவாகச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் வாடிக்கையாளர் எப்போதாவது வந்து போவார், கடையில் நிற்கும் நம்ம பெண் தினமும் அதை மூச்சில் இழுப்பாள். ஜன்னல் இல்லாத அறைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க. பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்க.

சுருட்டை முடி வெட்டவும் பராமரிக்கவும் ஒருத்தராவது கற்றுக்கொள்ளுங்கள். நம்ம பக்கத்தில் அதற்கு ஆள் இல்லை, நான் ரயில் ஏறித்தான் போகிறேன். மயிலாப்பூர் அக்காவிடம் கேட்டேன், போக்குவரத்தும் சாப்பாடும் கொடுத்தால் ரெண்டு நாள் வந்து சொல்லித் தருகிறேன் என்றார். விருப்பம் உள்ளவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குள் செயலாளர் அக்காவிடம் பெயர் கொடுங்கள். வெட்டிப் பழக ஒரு சுருட்டைத் தலை வேண்டுமாம். என் மகள் நான் உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.