சட்டையும் சங்கிலியும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நாம் இன்று உடுத்தியிருக்கும் சட்டை ஒரு நாட்டிற் பிறந்ததன்று. ஒரு நாட்டுப் பருத்தி மற்றொரு நாட்டில் நூலாகித் துணியாகின்றது. வேறொரு நாட்டில் வெட்டித் தைக்கப்படுகின்றது. இன்னொரு நாட்டுக் கடையில் விற்பனையாகின்றது. இச்சங்கிலியில் விலையையும் தவணையையும் விதிப்பவர், தம் பெயரைப் பொறித்து விற்கும் வணிகரே. தைப்பவரோ கடைசிக் கண்ணி.

செல்வ நாடுகள் 1974 முதல் 2004 வரை ஆடை இறக்குமதிக்குக் கோட்டா வகுத்திருந்தன. கோட்டா நிரம்பிய நாட்டினர் நிரம்பாத நாடுகளை நாடினர். 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தபின் நம் நாட்டில் ஆடைத் தொழில் வளர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். பங்களாதேசத்தில் 1979இல் ஒரு தொழிற்சாலை, தென்கொரியக் கம்பனியொன்றுடன் ஒப்பந்தஞ் செய்து ஏறக்குறைய 130 பேரை அங்கு பயிற்சிக்கு அனுப்பியது. அவ்வித்து முளைத்து, இன்று அந்நாட்டு ஏற்றுமதி வருவாயில் ஐந்திற் நான்கு பங்குக்கு மேல் ஆடையினாலேயே கிடைக்கின்றது. இலட்சக்கணக்கான கிராமப் பெண்கள் கையிற் காசு கண்டனர். இந்நன்மையை நாம் மறுக்கவில்லை.

ஆனால் 2013 ஏப்ரில் 23ஆந் திகதி, டாக்காவை அடுத்த சாவாரில், ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடத்தில் வெடிப்புகள் தோன்றின. அங்கிருந்த வங்கி தன் ஊழியரை வெளியேற்றியது. மறுநாட் காலை, தைக்கும் தொழிலாளர் உள்ளே அழைக்கப்பட்டனர். கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

வங்கி ஊழியரின் உயிர் அருமையானால், தையற் பெண்ணின் உயிர் மலிவானதா? தவணை தப்பினால் விலை குறைக்கப்படும். அல்லது கப்பலில் போகவேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு தொழிற்சாலையின் தலையில் விழும். அங்கிருந்து அப்பாரம் தொழிலாளியின் தோளுக்கு இறங்குகின்றது. உரிமையாளரின் குற்றத்தை நாம் குறைக்கவில்லை. அவசரம் எங்கிருந்து வந்ததென்றே கேட்கின்றோம்.

அவ்வாண்டு மே மாதத்தில், கொள்வனவு செய்யும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சட்டவலுவுள்ள உடன்படிக்கை செய்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிற்சாலைகள் பரிசோதிக்கப்பட்டன. வெறும் வாக்குறுதி செய்யாததைக் கையொப்பமிட்ட கடப்பாடு செய்தது. எனினும் 2020இல் கொள்ளை நோய் பரவியபோது, தைத்து முடித்த ஆடைகளுக்கான கட்டளைகளையும் பல வணிகர் இரத்துச் செய்தனர். கூலியிழந்தவர் கடைசிக் கண்ணியினரே.

அன்பர்களே, நம் இல்லங்களிலிருந்தும் சகோதரிகள் இத்தொழிலுக்குச் செல்கின்றனர். அவர்கள் சங்கஞ் சேரவும், ஆபத்துக் கண்டவிடத்து வேலை செய்ய மறுக்கவும் உள்ள உரிமைக்கு நாம் துணை நிற்போம். மலிவான சட்டையைக் கையிலெடுக்கும்போது, மிகுதி விலையைக் கொடுத்தவர் யார் என்று ஒருகணம் எண்ணுவோமாக.