கண்ணாடிக்கு அப்பால் விரல்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கைத்தொலைபேசியின் முகம் உடையாதிருக்க அதன்மேல் இன்னொரு கண்ணாடித் தகட்டை ஒட்டுகின்றோம். மழை நாளில் அதனைப் பொலித்தீன் பையினுள் இட்டும் பாவிக்கின்றோம். அப்போதும் அது விரலை அறிந்துகொள்கின்றது. இடையிலே தடையிருக்க இஃது எங்ஙனம் இயலும்? இதுவே யான் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

திரை நமது அழுத்தத்தை உணர்கின்றது என்பது பலருடைய எண்ணம். முன்னைய திரைகள் சில அவ்வாறே அமைந்திருந்தன. அவற்றில் இரு படலங்கள் அழுத்தத்தினால் ஒன்றையொன்று முட்டும்; பேனை முனையாலும் அவற்றை இயக்கலாம். இன்றைய கைத்தொலைபேசித் திரையோ அழுத்தத்தை நாடுவதில்லை. அது நாடுவது மின்னைக் கடத்தும் நமது உடலை.

இதன் தத்துவம் மிகப் பழையது. ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரில் 1746ஆம் ஆண்டளவில் முஸ்கென்புரூக் என்னும் பேராசிரியரின் ஆய்வுகூடத்தில், நீர் நிறைந்த கண்ணாடிக் குடுவையொன்றைக் கையில் ஏந்தி அந்நீருக்கு மின்னேற்றினர். கண்ணாடி மின்னைக் கடத்தாது. ஆயினும் உள்ளேயிருந்த மின்னேற்றம், வெளியே ஏந்திய கையில் எதிரான மின்னேற்றத்தைத் தூண்டி நிறுத்தியது. மின் செல்ல முடியாத கண்ணாடியினூடே மின்மண்டலம் சென்றது. இவ்வாறு மின்னேற்றத்தைத் தாங்கும் தன்மையே கொள்ளளவம் எனப்படும். இங்கிலாந்தின் மால்வேண் நகரில் ஈ. ஏ. ஜோன்சன் 1965இல் தொடுதிரையைப் பற்றி எழுதியபோதும் இத்தன்மையையே அடிப்படையாகக் கொண்டார்.

நமது கைத்தொலைபேசித் திரையின் கண்ணாடிக்குக் கீழே, கண்ணுக்குப் புலப்படாத கடத்திக் கோடுகள் நெடுக்கும் குறுக்குமாக உள்ளன. ஒரு கோட்டிலே மின்துடிப்பை அனுப்பி, அதனைக் கடக்கும் கோட்டிலே எவ்வளவு வந்து சேருகின்றதென்று கருவி அளக்கின்றது. விரல் அணுகியதும் மின்மண்டலத்தின் ஒரு பகுதி விரலை நோக்கித் திரும்பிவிடும். சேரும் அளவு சிறிது குறையும். எந்தச் சந்தியிலே குறைந்ததோ அங்கேதான் விரல். விநாடிக்கு 60 தடவைக்குக் குறையாமல் இச்சோதனை நடைபெறுவதுண்டு.

ஆகவே, மேலே ஒட்டும் தகடு தன்னளவில் தடையன்று. விரலுக்கும் கோட்டுக்கும் இடையேயுள்ள தூரமே தடை. அதிலும் காற்றே பெருந்தடை. மின்மண்டலத்துக்கு இடங்கொடுப்பதில் கண்ணாடி காற்றினும் ஏறக்குறைய ஏழு மடங்கு சிறந்தது. எனவே, தகட்டின் கீழே 0.1 மில்லிமீற்றர் காற்றிடைவெளி இருப்பின், அது 0.7 மில்லிமீற்றர் கண்ணாடியை மேலும் வைத்ததற்கு ஒப்பாகும். தகடு ஒட்டுவோர் காற்றுக் குமிழியை நீக்கப் பாடுபடுவது அழகுக்காக மாத்திரமன்று. கம்பளிக் கையுறை திரையை ஏமாற்றுவதும் அதனுள் அடங்கிய காற்றினாலேயே. ஐயமுள்ளவர் திரைமேல் எழுதுதாள்களை ஒவ்வொன்றாக அடுக்கித் தொட்டுப் பார்க்கலாம். முதற்றாளுக்குத் திரை இணங்கும். தாள் கூடக்கூட ஒரு கட்டத்தில் மறுத்துவிடும்.

பெரியோர்களே! நமது தோலின் மேற்படையும் இத்தகையதோர் உறையே. ஆண்டாண்டாக உழைத்துத் தடித்து உலர்ந்த விரலைத் திரை சிலவேளை அறியாது போகும். அப்போது, “இந்தப் பொருள் எமக்கு ஒத்துவராது” என்று வயோதிபர் அதனை வைத்துவிடுகின்றனர். அருகிலிருக்கும் பிள்ளையோ, “அப்பு, பலமாக அமத்துங்கோ” என்கின்றது. பலம் இங்கே பெரிதும் உதவாது. அமத்தினால் விரல் சற்றுத் தட்டையாகித் தொடும் பரப்புக் கூடும், அவ்வளவே. அதனிலும் விரல் நுனியை விட்டு, மெத்தென்ற பகுதியைப் படிய வைப்பது நன்று. விரலைச் சிறிது ஈரக்கையால் தடவிக்கொள்வதும் உதவும். ஆனால் நீர்த்துளி திரையிற் படலாகாது, அதனையும் விரலென மயங்கும். தொடுவுணர்ச்சியைக் கூட்டும் ஒழுங்கும் சில கைத்தொலைபேசிகளில் உண்டு.

இளைஞர்களே! இன்று வங்கிக் காரியமும் வைத்தியரைக் காண நேரங் குறித்தலும் இத்திரைவழியே நடைபெறுகின்றன. திரை ஒரு முதியவரின் விரலை மறுக்கும்போது, அவருடைய அறிவைக் குறைகூறாதீர்கள். குறை அறிவிலன்று, ஒரு மில்லிமீற்றரிலும் சிறிய தூரத்திலே. அருகிலிருந்து அத்தூரத்தைக் குறைத்துக் கொடுப்பது, பௌதிகம் படித்தவரும் படியாதவரும் செய்யத்தக்க தொண்டாகும்.